கத்தத் தெரியாத உயிர்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வாலிகண்டபுரத்தில் வெயிலைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் கானல் ஓடும். மனிதர் வேப்ப மரத்தடியைத் தேடுவர். ஆடுமாடுகள் மரநிழலில் ஒதுங்கும். தெருநாய்கூடக் குழாயடி ஈரமண்ணைப் பறித்து அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். தப்பி ஓட வழியற்ற உயிர் ஒன்று உண்டு. அது நம் வீட்டுக் கூண்டில் நாம் ஆசையோடு அடைத்து வைத்திருக்கும் முயல்.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை, இழந்து எழுதுகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் என் தங்கைக்காகச் சாலையோர வியாபாரி ஒருவரிடம் வெள்ளை முயல் இரண்டு வாங்கினேன். நாய்க்குப் பயந்து மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ்க் கூண்டை வைத்தேன். கத்திரி வெயில் நாள் ஒன்றில், பிற்பகல் இரண்டு மணிக்கு மாடி ஏறியவன் திடுக்கிட்டேன். ஒரு முயல் கால்களை நீட்டித் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கிடந்தது. காதுகள் சிவந்திருந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. விலாவோ ஊதுலைத் துருத்திபோல் அடித்துக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்த தண்ணீரை எடுத்து வந்து அதன் உடல் முழுதும் கொட்டினேன். சற்று நேரத்தில் அது அடங்கிவிட்டது. மற்றொன்றைத் தங்கை தூக்கிச் சென்று அடுப்படியில் தண்ணீர்ப் பானையின் அருகில் விட்டாள், அது பிழைத்தது. அன்றிரவு அவள் கேட்டாள்: "அண்ணா, அது ஏன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை?"

விலங்கியல் மாணவனாகிய நான் அன்று விடை சொல்ல முடியாமல் நின்றேன். இன்று சொல்கிறேன். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் தன் நோவைக் காட்டிக்கொள்வதில்லை. காட்டினால் முதலில் பிடிபடுவது அதுவே. ஆகவே முயல் கத்தும் என்று காத்திருப்பவன் அதைக் காப்பாற்ற மாட்டான்.

முயலுக்கு நம்மைப்போல் வியர்த்துக் குளிர வழியில்லை. நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துச் சூட்டைத் தணிக்கும் திறமும் அதற்குக் குறைவு. அதன் குளிர்விப்பான் காதுதான். காதின் இரத்தக் குழாய்கள் விரிந்து உடற்சூட்டை வெளியேற்றும். ஆனால் சுற்றியுள்ள காற்று உடலை விடச் சூடானால் காது என்ன செய்யும்? முயலின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். நம் பகுதியில் கோடைப் பகல் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. 30 டிகிரியைத் தாண்டும்போதே அதற்குத் துன்பம் தொடங்கிவிடுகிறது.

நம் சோளக்காட்டுப் புதரில் பதுங்கும் காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு. வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளில் மண்ணைக் குடைந்து வாழ்ந்தவை. வெயில் ஏறினால் குளிர்ந்த வளைக்குள் இறங்கிவிடும். அந்த வளையைப் பறித்துக் கம்பிக் கூண்டைக் கொடுத்தவர் நாம். எனவே வளை செய்த வேலையைச் செய்யும் கடமையும் நம்முடையதே. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் முயல்களையும் வளர்க்கிறது. அந்தக் குளிர் நமக்கு இல்லை. அறிவு இருக்கலாம் அல்லவா?

செய்ய வேண்டியவை அரியனவும் அல்ல, பெருஞ்செலவும் அல்ல. தகரம், கல்நார்க் கூரையின் கீழ்க் கூண்டை வைக்கலாகாது. கீற்று அல்லது கரும்புச் சோகை வேய்ந்த கூரையின் கீழோ, மரத்தடியிலோ, வீட்டினுள் காற்றோட்டமான தரையிலோ வைக்க வேண்டும். கூண்டின் பக்கங்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். ஆனால் காற்றை அடைத்துவிடக் கூடாது. படுக்க ஓர் ஓடோ கல் பலகையோ போட்டால் அதன்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீரை மண் சட்டியில் வைத்து, நண்பகலில் மீண்டும் மாற்ற வேண்டும். தீனியை விடியலிலும் இரவிலும் கொடுப்பது நலம். ஒரே கூண்டில் பலவற்றைத் திணிப்பதும், உச்சி வெயிலில் தூக்கி விளையாடுவதும் கூடவே கூடாது.

மீறி வெப்பத்தாக்கு வந்துவிட்டால் நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடையுங்கள், மெல்ல விசிறுங்கள். நான் செய்ததுபோல் பனிநீரைக் கொட்டாதீர்கள். அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், அதிர்ச்சியும் சேரும். வாயில் தண்ணீரை வலிந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தானே குடித்தால் குடிக்கட்டும். தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

"மனிதனே வெயிலில் வேகும்போது முயலுக்கு இத்தனை உபசாரமா?" என்று சிலர் நகைப்பர். களத்துமேட்டில் வேலை செய்வோரின் துன்பத்தை நான் அறிவேன். என் பெற்றோரும் அவர்களுள் அடக்கம். எனினும் அவர்கள் வரப்பு மரத்தடிக்கு நடந்து போக முடியும். கூண்டின் தாழ்ப்பாளோ வெளியே இருக்கிறது. அதைப் போட்டவன் பொறுப்பிலிருந்து எப்படி விலக முடியும்? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தரத் தவறுவது குற்றம் என்றே கூறுகிறது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முயல் விற்கும் கடைகளும் பதிவு பெற வேண்டும். சாலையோரத்தில் வெயில் காயும் கூண்டிலிருந்து, இரக்கப்பட்டுக்கூட, குட்டிகளை வாங்காதிருப்போம். நாம் கொடுக்கும் காசு அடுத்த கூண்டையும் அதே வெயிலுக்குக் கொண்டு வருகிறது. நிழல் கொடுக்க இயலாதவர் முயல் வளர்க்காதிருப்பதே அறம்.

வானர வேந்தன் வாலி வழிபட்ட தலம் என்பது எங்கள் ஊர்க் கோயிலின் புராணம். விலங்கின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய ஊர் இது. இவ்வூரில் ஓர் உயிர் நிழலின்றி, ஓசையின்றி மடியலாமா? பிழைத்த முயல் இன்றும் அடுப்படிப் பானையருகில்தான் படுக்கிறது. தங்கை நாள்தோறும் பள்ளிக்குப் புறப்படுமுன் அதன் சட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறாள். என்னையும் பார்க்கிறாள்.