பறிக்கப்பட்ட வினாக்குறி

மார்வின் கேயைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். 1971-இல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தது, சோல் இசையின் போக்கே மாறியது. அப்புறம் விவாகரத்து, வரி பாக்கி, போதை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து மனிதர் சரிந்தார். 1982-இல் மோட்டவுன் நிறுவனத்தை விட்டு கொலம்பியாவுக்குப் போய், 'செக்ஸுவல் ஹீலிங்' பாடி எழுந்து நின்றார். 1984 ஏப்ரல் முதல் தேதி, 45-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பெற்ற தகப்பனின் துப்பாக்கிக்கு இரையானார். இதுதான் கதை. இந்தக் கதையில் 1981 என்ற ஆண்டுக்கு இடமே கிடையாது.

அந்த ஆண்டு ஜனவரியில் 'இன் அவர் லைஃப்டைம்' என்று ஓர் ஆல்பம் வந்தது. மோட்டவுனில் அவருடைய இருபது வருட வாழ்க்கையை முடித்துவைத்த ஆல்பம். சோல் இசையை ஊன்றிக் கேட்பவர்களிடம் அதன் பெயரைச் சொன்னால், "அதுவா? கம்பெனி மாறும்போது கழித்துவிட்டுப் போனது" என்கிறார்கள். பாதிப் பேர் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தத் தீர்ப்பைத் தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு பெரிய கலைஞனுக்கு நாம் தொடர்ந்து செய்துவரும் அநியாயம்.

இந்தப் பேச்சுக்கு அடியில் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு பாடகர் நிறுவனம் மாறும் காலத்தில் செய்யும் ஆல்பத்தில் மனம் இருக்காது, ஒப்பந்தக் கணக்கைத் தீர்க்க ஏதோ பாடிக் கொடுத்துவிட்டுப் போவார், நல்ல சரக்கைப் புதிய இடத்துக்கென்று ஒளித்துவைப்பார் என்பது அந்த நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பார்த்தால் நிற்கவில்லை.

1971-இல் 21 வயது நிரம்பியதும் ஸ்டீவி வொண்டரின் மோட்டவுன் ஒப்பந்தம் முடிந்தது. கையில் எந்த ஒப்பந்தமும் இல்லாத மாதங்களில், சொந்தப் பணத்தைப் போட்டு, நியூயார்க் ஸ்டூடியோக்களில் சிந்தசைசரோடு அவர் செய்த சோதனைகளிலிருந்து பிறந்ததுதான் 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்'. அவருடைய பொற்காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1973-இல் கிளாடிஸ் நைட் குழு மோட்டவுனை விட்டு புத்தா நிறுவனத்துக்குப் போனது. போகும் நேரத்தில் மோட்டவுனில் வெளியான 'நெய்தர் ஒன் ஆஃப் அஸ்' பாடலுக்கும், போன இடத்தில் பாடிய 'மிட்நைட் டிரெய்ன் டு ஜார்ஜியா' பாடலுக்கும் 1974-இல் ஒரே மேடையில் கிராமி விருது கிடைத்தது. வாசற்படியில் நின்று பாடினாலும் குரல் குறைந்துபோகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் இடைக்கால ஆல்பங்கள் ஏன் மறக்கப்படுகின்றன? காரணம் பாட்டில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. விற்றுவிட முடிவான மாட்டுக்கு யாரும் புண்ணாக்கு வைப்பதில்லை. கிளம்பப்போகிற பாடகருக்காக விளம்பரத்தில் பணம் கொட்டிப் பழைய நிறுவனத்துக்கு என்ன லாபம்? புதிய நிறுவனத்துக்கோ "விழுந்து கிடந்தவரை நாங்கள் தூக்கி நிறுத்தினோம்" என்ற கதை தேவைப்படுகிறது. அந்தக் கதை எடுபட வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆல்பம் பள்ளமாகத் தெரிய வேண்டும். இப்படி இரண்டு முதலாளிகளுக்கும் வேண்டாத பிள்ளையாகிறது அந்த ஆல்பம். விளம்பரத்துக்காகச் சொன்ன கதையைப் பிறகு வந்த விமர்சகர்கள் வரலாறு என்று எழுதிவைத்துவிட்டார்கள். மார்வின் கேக்கு நேர்ந்தது இதுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 1978 இறுதியில் வந்த 'ஹியர், மை டியர்' அவருடைய விவாகரத்துத் தீர்வோடு பிணைந்த ஆல்பம். மனைவி ஆன்னா, மோட்டவுன் முதலாளி பெரி கோர்டியின் அக்கா. ஆல்பத்தின் வருமானத்தில் ஒரு பங்கு அவருக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. வந்த நாளில் முகம் சுளித்தவர்கள் அதை இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதற்கு அடுத்ததாக 'லவ் மேன்' என்ற பெயரில் எல்லோரும் ஆடக்கூடிய ஆல்பம் ஒன்றைத் திட்டமிட்டார். அதிலிருந்து 1979-இல் வந்த 'ஈகோ டிரிப்பிங் அவுட்' எடுபடவில்லை. தன்னைக் காதல் மன்னனாகக் காட்டிக்கொள்ளும் அந்தப் பொய்யை அவரே தூக்கிப் போட்டார். இரண்டாவது மணவாழ்க்கையும் உடைந்துகொண்டிருந்தது. ஹாலிவுட்டில் ஆசையாகக் கட்டிய ஸ்டூடியோ கைவிட்டுப் போனது. ஹவாயில் ஒரு வண்டிக்குள் குடியிருந்தார். 1980-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போனவர் லண்டனிலேயே தங்கிவிட்டார். அங்கே ஒடிஸி ஸ்டூடியோவில், 'லவ் மேன்' மெட்டுகள் சிலவற்றின் மேல் முற்றிலும் வேறான பாடல்களை எழுதினார். பழைய தாளத்துக்கு உள்ளே புதிய மனிதன் ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

அந்த மனிதன் யாரென்று தெரிய அவர் வளர்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் நகரத்தில், கண்டிப்பான ஒரு பெந்தெகொஸ்தே சபையின் போதகருக்கு மகனாகப் பிறந்தவர் மார்வின். பக்தியும் உடல் வேட்கையும் அவருக்குள் கடைசிவரை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. 'லெட்ஸ் கெட் இட் ஆன்' வேட்கையின் பக்கம் நின்ற ஆல்பம். 'வாட்ஸ் கோயிங் ஆன்' கடவுளின் பக்கம் நின்றது. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து அவர் வழக்காடிய ஆல்பம் 'இன் அவர் லைஃப்டைம்' ஒன்றுதான். அட்டைப் படத்திலேயே ஒரு மேசையின் இரு புறமும் இரண்டு மார்வின்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் தேவதூதன், மற்றவன் சாத்தான்.

மொத்தம் எட்டுப் பாடல்கள். 'பிரைஸ்' துதிப்பாடல்தான், ஆனால் கால் தானாகத் தாளம் போடும். சபையில் கைதட்டிப் பாடுகிறவர்களுக்கு இதில் முரண் ஏதும் தெரியாது. 'லைஃப் இஸ் ஃபார் லேர்னிங்' ஒரு கலைஞன் தன் படைப்புக்கு எவ்வளவு பொறுப்பு என்று தன்னையே கேட்டுக்கொள்வது. நல்லதும் கெட்டதும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று அதில் ஒத்துக்கொள்கிறார். 'லவ் மீ நவ் ஆர் லவ் மீ லேட்டர்' பாடலில் மனிதனைப் படைப்பது பற்றி நன்மையும் தீமையும் வாதாடுகின்றன. 'ஹெவி லவ் அஃபேர்' சொந்தக் காயத்தைத் திறந்து காட்டுகிறது. பேஸ் கிட்டார் முன்னால் வந்து நடக்க, தன் குரலின் மேல் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து வைக்கும் அவருடைய முறை இங்கே வேறொரு பயனுக்கு வருகிறது. ஒரு குரல் சொல்வதை இன்னொரு குரல் மறுக்கிறது, மூன்றாவது குரல் நடுவே புலம்புகிறது. ஒரே ஆள் பாடும் தர்க்கக் கச்சேரி போல இருக்கிறது. அணு ஆயுதப் போட்டி உலகத்தை அச்சுறுத்திய 1980-இல், இந்த உலகத்தின் முடிவை நாமே பார்க்கப்போகிறோமா என்ற பயம் எல்லாப் பாடலுக்கும் அடியில் ஓடுகிறது. ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயரின் கடைசியில் வினாக்குறி இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பாடல்களைச் செதுக்கிக்கொண்டிருந்தபோதே லண்டன் டேப் மோட்டவுன் கைக்குப் போய்விட்டது. பொறுமை இழந்திருந்த நிறுவனம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே மிக்ஸிங் செய்து வெளியிட்டது. 'ஃபார் க்ரை' பாடலில் சொற்கள்கூட முழுசாக அமையவில்லை. மெட்டுக்கு மேல் அவர் முணுமுணுத்துப் பார்த்ததை அப்படியே தட்டில் ஏற்றினார்கள். போகிற போக்கில் தலைப்பிலிருந்த வினாக்குறியையும் எடுத்துவிட்டார்கள். தமிழில் 'நம் காலத்தில்' என்பதற்கும் 'நம் காலத்திலா' என்பதற்கும் நடுவே இருப்பது ஓர் ஆகாரம்தான். அதை உருவிப் பாருங்கள், கேள்வி போய்விடும். கேள்வியோடு அவருடைய பயமும் போய்விடும்.

ஆல்பத்தைக் குறை சொல்பவர்கள் வைக்கும் வாதங்களில் பலமானது ஒன்று: "மார்வினே இந்த ஆல்பத்தை ஏற்கவில்லையே, நீ ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்?" உண்மை, அவர் ஏற்கவில்லை. ஆனால் எதை ஏற்கவில்லை? தீட்டி முடிக்காத ஓவியத்தை ஓவியன் கையிலிருந்து பிடுங்கி, வேறொருவர் கை கால் வரைந்து விற்றதற்கு ஒப்பிட்டுத்தான் அவர் கொதித்தார். இனி மோட்டவுனுக்குப் பாடவே மாட்டேன் என்றார், கடைசிவரை பாடவும் இல்லை. கழித்துப்போட்ட சரக்குக்காக யாராவது இருபது வருட உறவை அறுத்துக்கொள்வார்களா? அவருடைய கோபமே இந்தப் பாடல்களின் மதிப்புக்குச் சாட்சி.

"அரைவேக்காடு" என்பது இரண்டாவது வாதம். சில இடங்களில் வேகாதது தெரிகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் சமைப்பவர் அடுப்படியில் நிற்கும்போதே சட்டியை இறக்கிக்கொண்டு போனவர்களை விட்டுவிட்டுச் சமையல்காரரைத் திட்டுவது என்ன நியாயம்?

போதையில் செய்தது என்பது மூன்றாவது. அந்தப் பழக்கம் அவரை அரித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் பாட்டைக் கேட்காமல் பாடகனின் நோய்க்குறிப்பை வாசிப்பதற்கு விமர்சனம் என்று பெயர் இல்லை. விற்பனையைக் காட்டுகிறவர்களும் உண்டு. 'செக்ஸுவல் ஹீலிங்' அமெரிக்கக் கறுப்பிசைப் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது, இரண்டு கிராமி வாங்கியது. நல்ல பாட்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1981-இல் மார்வின், தன் ஆல்பத்தைத் தானே மறுத்துவிட்டு, பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் கடற்கரையில் ஒதுங்கியிருந்தார். அமெரிக்காவில் அதற்காக மேடையேற யாரும் இல்லை. பந்தயத்தில் ஓடவிடாத குதிரையைத் தோற்றது என்று சொல்லக் கூடாது.

2007-இல், 26 வருடம் கழித்து, அவருடைய லண்டன் மிக்ஸ் பாடல்களும் 'லவ் மேன்' பதிவுகளும் சேர்ந்த விரிவான பதிப்பு வெளியானது. ஆக, இனிமேல் "கிடைக்கவில்லை" என்ற சாக்கும் இல்லை. முதலில் லண்டன் மிக்ஸைக் கேளுங்கள், பிறகு மோட்டவுன் வெளியிட்டதைக் கேளுங்கள். 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் ஊரையும் உலகத்தையும் பார்த்துக் கேள்வி கேட்டவர், பத்து வருடம் கழித்து அதே கேள்வியைத் தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பியிருப்பது கேட்கும். அதைக் கேட்டபின் யாரும் 1981-ஐப் பள்ளம் என்று சொல்ல மாட்டார்கள்.

இசை பற்றி எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மார்வின் கேயின் கதையை அடுத்த முறை எழுதும்போது அந்த ஒரு வருடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஆல்பத்தின் பெயரை எழுதுகையில் கடைசியில் வினாக்குறியைப் போடுங்கள். அது அவர் வைத்தது.