வலியைப் பொறுக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்

போன லீவுக்குப் பூனாகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் செயலமர்வு. நாங்கள் உதவிக்குப் போயிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருத்தர் திரையில் குதிரைப் பந்தய வீடியோ ஒன்றைப் போட்டார். "இவர் பேர் டொனி மெக்கோய். உடம்புல உடையாத எலும்பு இல்ல. ஆனா நிறுத்தல. நீங்க மட்டும் ஏன் சாக்குச் சொல்றீங்க?" பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும் தட்டித் தொலைத்தோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

மெக்கோய் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. பெரிய ஆள்தான். வட அயர்லாந்தில் 1974இல் பிறந்த தச்சர் மகன். 1993இல் கால் முறிந்து படுத்துக் கிடந்த காலத்தில் வளர்ந்துவிட்டார். சமதரைப் பந்தயத்துக்கு அந்த உடம்பு பாரம். வேலி, பள்ளம் தாண்டும் பந்தயத்துக்கு மாறினார். 2015இல் ஓய்வு பெறும்வரை தொடர்ந்து 20 தடவை சம்பியன், 4,300க்கும் மேல் வெற்றிகள். கிராண்ட் நஷனல் பந்தயம் மட்டும் 15ஆவது தடவையில்தான், 2010இல், கைக்கு வந்தது. எடை கூடாமல் இருக்க இத்தனை வருசமும் அரைப் பட்டினி, கொதிக்கக் கொதிக்கக் குளியல். ஏனென்றால் ஜொக்கியைத் தராசில் நிறுத்துத்தான் பந்தயத்துக்கு விடுவார்கள்.

தராசு என்றதும் எங்களுக்கு அம்மாமாரின் கொழுந்துதான் ஞாபகத்துக்கு வரும். கிலோ குறைந்தால் அரைப்பேர்.

வீட்டுக்கு வந்து அந்த மாதிரிப் பந்தயங்களை முழுசாகப் பார்த்தோம். குதிரைகள் ஓடும்போது பக்கத்துப் பாதையில் அம்புலன்ஸும் கூடவே ஓடுகிறது! விழுந்தவரை டொக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அடுத்த குதிரையில் ஏற முடியாது. 2008 ஜனவரியில் மெக்கோய் விழுந்து முள்ளந்தண்டு எலும்புகள் முறிந்தன. அறுவைச் சிகிச்சை முடிந்து மார்ச்சில் மறுபடி குதிரை மேல். பேச்சாளர் மார்ச்சைச் சொன்னார், சிகிச்சையைச் சொல்லவில்லை. 1963, 64இல் இரண்டு ஜொக்கிகள் விழுந்து நடக்க முடியாமல் போனபோது, காயப்பட்ட ஜொக்கிகளுக்கென்றே அங்கே ஒரு நிதியம் தொடங்கினார்கள். இன்றும் இருக்கிறது. (குதிரைக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 2012இல் மெக்கோய்க்குத் தங்கக் கிண்ணம் வென்று கொடுத்த சின்க்ரனைஸ்ட், அடுத்த மாதமே கிராண்ட் நஷனலில் கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதைப் பார்த்துத் தன்னம்பிக்கை பெறச் சொல்லி யாரும் வரமாட்டார்கள்.)

அதாவது, அந்த மனுசனின் துணிச்சலுக்குப் பின்னால் அவர் விழுவார் என்று முன்கூட்டியே யோசித்த ஒரு ஏற்பாடு நிற்கிறது. எங்க மலையில் யார் யோசித்தார்கள்? கொழுந்து பறிக்கிறவர்களைக் குளவி கொட்டுவது வருசா வருசம் நடக்கிறது. கொட்டினால் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்க வேண்டும், அங்கே ஏதாவது வாகனம் கிடைக்க வேண்டும். 1990க்கு அடித்தாலும் அம்புலன்ஸ் ரோட்டு வரைக்கும்தானே வரும்?

பொறுமையில் எங்க சனத்துக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கொஸ்லந்தையில், மீரியபெத்தத் தோட்டத்து மண் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சனம் எங்கே போகும்? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லை. லயத்திலேயே பொறுத்துக்கொண்டு இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை வந்து லயங்களை மூடியது. அவர்களுக்கு எதில் தன்னம்பிக்கை குறைந்திருந்தது, சேர்?

அடுத்த தவணையும் செயலமர்வு இருக்காம். போவோம். கேள்வி நேரத்தில் முதல் கை எங்களுடையது. அந்த வீடியோவையே மறுபடி போடச் சொல்லி, அம்புலன்ஸ் வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லுவோம்.