விலை இல்லாத பூவுக்குப் பேர் எதுக்கு?

எங்க ஊர் நிலக்கோட்டை. பூ மார்க்கெட் ஊருங்க. மல்லிகை இன்னைக்குக் கிலோ என்ன விலைன்னு சின்னப் புள்ளகூட சொல்லும். ஆனா மார்க்கெட்டுக்கு வெளியே ரோட்டோரம் பூத்துக் கிடக்கிற செடிக்குப் பேர் கேட்டா, "அது களை தம்பி"ன்னு போயிடுவாங்க.

போன வருஷம் சித்தி பொண்ணு +2 முடிச்சுட்டு, "தாவரவியல் படிக்கிறேன்"னா. வீடே சிரிச்சது. "பூவைப் பத்திப் படிக்க காலேஜ் எதுக்கு? மார்க்கெட்ல நின்னா போதாதா?"ன்னார் மாமா. நானும் சும்மா இல்ல. பொட்டி தட்டுற திமிர்ல, "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடும்மா"ன்னு அட்வைஸ் பண்ணேன். எடுத்துட்டா. அந்த உறுத்தல்லதான் இந்தப் பதிவு.

சரி, மேட்டருக்கு வர்றேன். கே.எம்.மாத்யூ (1930-2004) என்ற பாதிரியாரை எத்தனை பேருக்குத் தெரியும்? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967ல் ராபினாட் ஹெர்பேரியத்தை ஆரம்பித்தவர். செடியைப் பேப்பருக்கு நடுவுல அழுத்திக் காயவச்சு, அட்டையில ஒட்டி, எங்கே, எப்போ, யார் எடுத்ததுன்னு எழுதிப் பாதுகாக்கிற இடம் அது. 1980களில் தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்டுவந்தார். 1999ல் பழனி மலைத் தாவரங்களுக்கு 3 தொகுதி. எங்க ஊர்ல இருந்து பார்த்தா தெரியற அதே மலைங்க!

செடியை அடையாளம் காண்றது நம்ம இஃப்-எல்ஸ் மாதிரிதான். தண்டு சதுரமா? இலை எதிரெதிரா? பூவுக்கு மேலுதடு, கீழுதடு இருக்கா? ஆமான்னா துளசிக் குடும்பத்துல தேடு. நம்ம தும்பை அங்கதான் இருக்கு. என்ன, அந்த இஃப்-எல்ஸை எழுத ஆயுசு பூரா காடு மலை சுத்தணும்.

"அதான் போன்ல ஆப் இருக்கே, போட்டோ எடுத்தா பேர் சொல்லுமே"ன்னு ஒரு நண்பர் வருவார். அண்ணாச்சி, அந்த ஆப்புக்குப் பேர் சொல்லிக் கொடுத்தது யாரு? யாரோ ஒருத்தர் பார்த்துப் பேர் எழுதின படத்தை வச்சுத்தான் அது கத்துக்குது. இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காத செடியை அதுகிட்ட காட்டினா, பக்கத்து வீட்டுக்காரன் பேரைத்தான் சொல்லும். வச்ச பேரும் அப்படியே நிக்கிறதில்ல. ஆவாரை முன்னாடி கேசியா, இப்போ சென்னா. அந்த வேலை முடியவே முடியாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூ சொன்னார்னு நாம மார் தட்டுறோம். 2018ல் குறிஞ்சி பூத்தப்போ கொடைக்கானல் போய் போட்டோவும் எடுத்தோம். அதே வேலையை நம்ம காலத்துல செஞ்சவர் பேரைக் கேட்டா முழிக்கிறோம். பேர் தெரியாத செடி அழிஞ்சா, காணோம்னு புகார்கூட கொடுக்க முடியாது மக்கா.

திட்டுறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். ஒரே கண்டிஷன்: உங்க தெருவோரத்துல பூக்கிற 5 செடிக்குப் பேர் எழுதிட்டுத் திட்டுங்க. ஆப் பார்க்கக் கூடாது :-)