மேல் லயத்துத் தண்ணீர்
நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழை பிடித்துவிட்டால் தோட்ட லயங்களில் முதல் சண்டை தண்ணீரால்தான் வருகிறது. மேல் லயத்துக்காரர் மீன் வளர்க்கப் பின்னால் சின்னதாய்க் குளம் வெட்டி, அந்த மண்ணைப் பழைய கானில் தள்ளிவிடுகிறார். போக வழியில்லாத தண்ணீர் கீழ் லயத்துச் சுவரில் போய் நிற்கிறது. அண்மையில் பார்த்த ஒரு காம்பராவில் பின்சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப் போயிருந்தது, தொட்டால் சுண்ணாம்பு கையோடு வந்தது. அந்த வீட்டம்மா அரிசி வாளியைக் கட்டிலில் ஏற்றி வைத்திருந்தார். இயல்பாக இறங்கும் நீரைக் கீழ்க்காணிக்காரர் ஏற்க வேண்டும், மேலே இருப்பவர் அதைத் திருப்பிவிடவோ ஒரே இடத்தில் குவித்துவிடவோ கூடாது என்பது நம் நாட்டில் செல்லுபடியாகும் ரோமன் டச்சுச் சட்டம். நியாயமான சட்டம்தான். ஆனால் அது பேசுவது காணிச் சொந்தக்காரர்களோடு. இங்கே மேல் வீட்டாருக்கும் காணி உறுதி கிடையாது, கீழ் வீட்டாருக்கும் கிடையாது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை லயங்களோடு சரிந்ததைப் பார்த்த பிறகும், சரிவில் தேங்கும் நீரை அயல்வீட்டுத் தகராறாகவே நடத்துகிறோம். காணி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கானுக்கும் பொறுப்பு. காணியை வைத்திருக்கும் தோட்ட நிர்வாகம் மழைக்கு முன்னால் கான் வெட்ட ஆட்களுக்குப் பேர் போடட்டும். அதைக் கேட்காமல் இரண்டு ஏழைகளைப் பஞ்சாயத்தில் நிறுத்துவது அநியாயம்.