கடலை மாவும் கன்றுக்குட்டியும்

2025 டிசம்பர் 10ஆம் தேதி டெல்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்கள் பட்டியலில் தீபாவளியைச் சேர்த்தது. அதே நாளில் இத்தாலியச் சமையலும் அந்தப் பட்டியலில் ஏறியது. ஒரு நாட்டின் சமையல் முழுவதற்கும் இப்படி அங்கீகாரம் கிடைப்பது இதுவே முதல் முறை என்று ரோம் பெருமைப்பட்டுக்கொள்கிறது.

அப்படி ஒரே சமையல் அங்கே இருக்கிறதா என்பதுதான் வேடிக்கை. இத்தாலி ஒரே நாடானதே 1861இல்தான். முப்பது ஆண்டுகள் கழித்து, 1891இல், பெல்லெக்ரீனோ அர்தூஸி ஊர் ஊராகச் செய்முறைகளைத் திரட்டிச் சொந்தச் செலவில் புத்தகம் போட்டபோதுதான் வடக்கத்தியருக்கும் தெற்கத்தியருக்கும் பொதுவாக ஒரு சமையல் ஏடு கிடைத்தது. பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பெர்தோ கிராந்தி இன்னும் ஒரு படி மேலே போகிறார். பாரம்பரியம் என்று கொண்டாடப்படும் பல பண்டங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உருவெடுத்தவை என்பது அவர் கட்சி. இதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சமல்ல. ஆனால் கார்பனாரா விஷயத்தில் அவரிடம் சரக்கு இருக்கிறது. முட்டை, பன்றிக் கன்னத்து இறைச்சி, செம்மறிப்பால் சீஸ், மிளகு தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்று இன்று ரோமாபுரிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். 1954இல் ஓர் இத்தாலியப் பத்திரிகை வெளியிட்ட செய்முறையிலோ பூண்டும் ஸ்விட்சர்லாந்து சீஸும் இருந்தன.

பயணிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இத்தாலிச் சாப்பாடு என்று தேடுவதை விட்டு, நிற்கிற ஊரின் சாப்பாடு எது என்று கேட்பது நல்லது. பொலோஞா நகரில் 'ஸ்பகெட்டி பொலொனேஸ்' கேட்பவரை அங்கே வெளியூர்க்காரர் என்று உடனே கண்டுகொள்வார்கள். அந்த ஊர் இறைச்சிக் குழம்புக்குத் துணை தட்டையான தலியதெல்லே. அந்தக் குழம்பின் செய்முறை 1982இலேயே வர்த்தக சபையில் முறைப்படி பதிவாகிவிட்டது. பத்திரப் பதிவு மாதிரிதான்.

இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் பலவும் இந்த வம்பே வேண்டாமென்று, ரோமிலும் வெனிஸிலும் சாதம், பருப்பு, சப்பாத்தி கிடைக்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிடுகின்றன. சைவர்களுக்கு வேறு வழி என்ன என்று ஏற்பாட்டாளர்கள் கேட்கக்கூடும். வழி இருக்கிறது, அதுவும் ஏழைகளின் அடுப்பில்.

ஜெனோவாவின் பழைய சந்துகளில் கிடைக்கும் ஃபாரினாத்தாவைப் பார்த்தால் எந்தத் தமிழருக்கும் அறிமுகம் தேவைப்படாது. கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவே. மாவைக் கரைத்துச் சில மணி நேரம் ஊற வைக்கிறார்கள். மேலே திரளும் நுரையை வழித்து எடுத்துவிட்டு, வண்டிச் சக்கரம்போல் அகன்ற செம்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி, விறகு அடுப்பின் கடும் சூட்டில் தள்ளுகிறார்கள். மேல்புறம் பொன்னிறமாகி மொறுமொறுப்பாகும். உள்ளே தளதளவென்று இருக்கும். துண்டு போட்டு மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். சூடு ஆறினால் சுவை போய்விடும். அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும்வரை காத்திருக்கிற பொறுமை வேண்டும். 1284இல் ஒரு கடற்போருக்குப் பின் புயலில் கப்பலுக்குள் கடலை மாவும் எண்ணெயும் கடல்நீரும் கலந்து பிறந்த பண்டம் இது என்று ஊரில் ஒரு கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதே மாவை சிசிலியின் பலேர்மோவில் களியாகக் கிளறி, ஆற விட்டு, வில்லைகளாக்கி எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பெயர் பனெல்லே.

ஃபிளாரன்ஸ் நகர் ரிபொல்லீத்தாவின் பெயருக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் பொருள். காய்ந்த ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சை முட்டைகோஸ் இலை எல்லாம் சேர்ந்த நேற்றைய குழம்பு இது. குளிர்காலத்தில் இதன் அருமை தெரியும். தெற்கே புலியா மாநிலத்தில், தோல் நீக்கிய மொச்சை வகைப் பயறைக் குழைய வேக வைத்துக் கடைந்து, பக்கத்தில் சற்றே கசக்கும் கீரை வைக்கிறார்கள். அந்தக் கீரை சிக்கரி. நம் காபித்தூளில் கலக்கிற வேருக்குச் சொந்தக்காரச் செடிதான்.

இனி எச்சரிக்கை. 'இறைச்சி இல்லை' என்று பரிமாறுபவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அவர் அகராதி வேறு. பார்மிஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சரக்கு. விதிமுறையே அப்படி. ரோமாபுரி பெக்கொரீனோவுக்கு ஆட்டுக்குட்டி. ஜெனோவாவின் புகழ்பெற்ற பச்சை பெஸ்தோவிலும் சீஸ் உண்டு. மிலான் நகரின் குங்குமப்பூ ரிஸொத்தோவை மரபுப்படி இறைச்சிச் சாற்றில்தான் வேக வைப்பார்கள். மாட்டெலும்பு மஜ்ஜையும் சேரும். ரொமாஞா பக்கத்துத் தட்டை ரொட்டியான பியதீனாவில் பன்றிக் கொழுப்பு பிசையப்பட்டிருக்கலாம். எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

நான்கு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் கவலை தீரும். ப்ரோதோ என்றால் சாறு, ஸ்ட்ருத்தோ பன்றிக் கொழுப்பு, அச்சூகே நெத்திலி வகை மீன், கால்யோ பாலை உறைய வைக்கும் சரக்கு. இந்த நான்கில் எது இருக்கிறது என்று கேட்டால் சமையல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் பண்டத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்ததென்று பேச்சை நீட்டினாலும் நீட்டுவார்.

நேப்பிள்ஸில் இந்தக் கேள்வியும் தேவையில்லை. அங்கே மாரினாரா என்றொரு பீட்சா. 'கடலோடி' என்ற பெயரைக் கேட்டு மீன் என்று பயப்பட வேண்டாம். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே; சீஸ் கிடையாது. ராணி பெயர் தாங்கிய மார்கெரீத்தாவுக்கு முந்தியது. பெரும்பாலான கடைகளில் விலையும் குறைவு.