மொட்டைமாடிக்கு ஒரு வளையம்

சாயங்காலம் தூத்துக்குடி ரோச் பூங்காப் பக்கம் போனால், பிள்ளைகள் இடுப்பில் பிளாஸ்டிக் வளையத்தைச் சுற்றி விளையாடுவதைப் பார்க்கலாம். அம்மாக்கள் ஓரமாக உட்கார்ந்து பையையும் செருப்பையும் காவல் காப்பார்கள். அந்த வளையத்தை வாங்கி அம்மாக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நம் ஊர்ப் பெண்கள் உடம்பை வளைத்து வேலை செய்யாதவர்கள் இல்லை. ஆனால் இதயத்துக்கு வேண்டியது மூச்சு வாங்க, வேர்க்க, நிற்காமல் நடக்கும் அசைவு. வாரத்துக்கு 150 நிமிடமாவது அது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாக்கிங் போகலாம்தான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விடியற்காலையில் நடக்கப் பயப்படுகிறவர்களை எப்படிக் குறை சொல்வது? வளையத்துக்கு மொட்டைமாடி போதும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் 16 பெண்களை வளையம் சுற்றச் சொல்லி அளந்தார்கள். இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 151 வரை ஏறியது; அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 210 கலோரி செலவானது. 2019-இல் வெளியான பின்லாந்து ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. உடல் எடை கூடியவர்கள் ஒன்றரைக் கிலோ வளையத்தைத் தினம் பதிமூன்று நிமிடம் போல ஆறு வாரம் சுற்றினார்கள். இடுப்பளவு 3 சென்டிமீட்டர் குறைந்தது, கெட்ட கொழுப்பும் இறங்கியது. அதே ஆய்வில் அவர்களை நடக்கவும் வைத்துப் பார்த்தார்கள்; ரத்த அழுத்தம் குறைந்தது நடந்தபோதுதான். ஆகவே நடக்கிறவர்கள் நடையை விட்டுவிட வேண்டாம்.

‘சேலை கட்டிக்கொண்டு இதெல்லாம் ஆகுமா?’ என்று கேட்பீர்கள். 2020-இல் டெல்லியைச் சேர்ந்த எஷ்னா குட்டி சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக வளையம் சுற்றி ஆடிய வீடியோவை நாடே பார்த்தது. கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் ஆகும்.

பெரியவர்கள் தோற்றுப்போவது வளையத்தின் அளவில்தான். பிள்ளைகளின் வளையம் சின்னது, வேகமாகச் சுற்றிச் சட்டென்று விழுந்துவிடும். தரையில் நிறுத்தினால் தொப்புளுக்கு மேலே எட்டுகிற வளையம் வேண்டும். விளையாட்டுச் சாமான் கடையில் தேட வேண்டாம். குழாய்க் கடையில் முக்கால் இஞ்சு கறுப்பு பைப் பத்தரை அடி வாங்கி, இரண்டு முனையையும் ஒரு கனெக்டரால் சேர்த்தால் நாற்பது இஞ்சு வளையம் தயார். வழுக்காமலிருக்கத் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

இடுப்பை வட்டமாகச் சுழற்றவே கூடாது. ஒரு காலை முன்னே வைத்து, வளையத்தை முதுகோடு ஒட்டிப் பிடித்து, ஓங்கி ஒரு சுற்று விட்டு, வயிற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். முதல் வாரம் இடுப்பு கன்றும், பயப்படாதீர்கள். கனமான வளையம் இப்போதைக்கு வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், நம் கடற்கரைப் புழுக்கத்தில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நெஞ்சுவலி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். மற்றவர்கள் நாளைக்கே ஒரு பைப் வாங்கி வாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் மாடிக்குக் கூப்பிடுங்கள்.