லௌடாவின் அரைப் புள்ளி

இவரா அவரா பெரிய ஆட்டக்காரர் என்ற வாதம் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது. பட்டங்களை எண்ணி, சராசரிகளை ஒப்பித்து, எதிராளிகளின் தரத்தை அலசிக் களைத்த பிறகு ஒருவர், “அதெல்லாம் இருக்கட்டும், அவன் எங்கே கிடந்து எழுந்து வந்தான் தெரியுமா?” என்பார். அதற்குமேல் எதிரே இருப்பவரால் பேச முடியாது. பள்ளித் தேர்வில் கருணை மதிப்பெண் போடுவதைப்போல, விழுந்து எழுந்தவருக்கு நாம் தனியாகக் கொஞ்சம் போட்டுக்கொடுக்கிறோம். போடலாமா? கூடாது என்பது இந்த இதழின் கட்சி. திரும்பி வந்தவர் அதன் பிறகு என்ன ஆடினாரோ அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். திரும்பி வந்ததற்கென்று தனியாக எதுவும் வேண்டாம்.

இரக்கமற்ற பேச்சாகப் படலாம். அதனால் இரக்கப்பட எல்லா நியாயமும் உள்ள ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடும் மேடுமாக வளைந்து போகும் தடம். விபத்து நடந்தால் தீயணைப்பு வண்டி நேரத்துக்கு வந்து சேராது, இங்கே பந்தயம் வேண்டாம் என்று சக ஓட்டுநர்களிடம் வாதாடித் தோற்றவர் நிக்கி லௌடா. கார்ப் பந்தயத்தில் முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். அந்த ஆண்டும் புள்ளிக் கணக்கில் வெகுவாக முந்தியிருந்தவர். இரண்டாவது சுற்றில் அவருடைய ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. அவரை நெருப்பிலிருந்து இழுத்துப்போட்டவர்கள் பின்னால் வந்த சக ஓட்டுநர்கள். முகமும் காதும் வெந்தன. அதைவிட மோசமாக, நச்சுப்புகை நுரையீரலுக்குள் போயிருந்தது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 12, இத்தாலியின் மொன்சா. இடையில் ஆறு வாரங்கள். தவறவிட்டவை இரண்டே பந்தயங்கள். ஃபெராரி இதற்குள் கார்லோஸ் ராய்ட்டமனை மாற்றாக அமர்த்தியிருந்தது, அவரும் அன்று ஓட்டினார். காயக்கட்டுகள் ரத்தத்தில் ஊற, லௌடா நான்காவதாக வந்தார். ராய்ட்டமன் ஒன்பதாவது. உலகம் கொண்டாடிய கதை இதுதான். லௌடா அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. பயத்தை வென்றுவிட்டதாக அன்று வெளியே சொன்னது பொய், மொன்சாவின் பயிற்சி ஓட்டத்தில் பயத்தில் விறைத்துப்போனேன் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

கார்ப் பந்தயத்தில் பயத்தைக் கையாள்வதும் தொழிலின் ஒரு பகுதி. ஆகவே மொன்சாவின் நான்காம் இடத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அன்றைய விதிப்படி அதற்கு 3 புள்ளி. அந்த மூன்றும் அவர் கணக்கில் இருக்கின்றன. ரசிகர்கள் மனசுக்குள் நான்காவதாக ஒன்றைக் கூட்டும்போதுதான் சிக்கல். கூட்டத் தெரிந்த கைக்குக் கழிக்கவும் தெரியும்.

கழித்தார்கள். அக்டோபர் 24, ஜப்பானின் ஃபுஜி, ஆண்டின் கடைசிப் பந்தயம். கொட்டுகிற மழை, தடமெங்கும் தண்ணீர். பட்டத்துக்குப் போட்டியிட்ட ஜேம்ஸ் ஹன்ட்டைவிட லௌடா 3 புள்ளி முன்னே. தீயில் இமைகள் சிதைந்திருந்த அந்த மனிதர் இரண்டு சுற்றோடு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் ஃபெராரியின் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி. லௌடா மறுத்துவிட்டார். ஹன்ட் மூன்றாவதாக வந்து, 69க்கு 68 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். மொன்சாவில் தலையில் வைத்து ஆடிய இத்தாலியப் பத்திரிகைகள் இப்போது கோழை என்று எழுதின. அதே மனிதர், அதே வெந்த உடம்பு, நடுவில் ஆறு வாரங்கள். வந்ததற்குப் பரிசு என்று வைத்தால் விலகியதற்குத் தண்டனையும் கூடவே வந்துவிடுகிறது. எங்களைக் கேட்டால், அந்த ஆண்டில் லௌடா எடுத்த முடிவுகளில் தெளிவானது ஃபுஜியில் எடுத்ததுதான்.

அடுத்த ஆண்டு, 1977இல், அவர் மறுபடி சாம்பியன் ஆனார். வென்றவை மூன்றே பந்தயங்கள். மரியோ ஆண்ட்ரெட்டி நான்கு வென்றும் எட்டிப் பிடிக்க முடியவில்லை, லௌடா இரண்டாம் இடங்களாகப் பொறுக்கிச் சேர்த்திருந்தார். பட்டம் உறுதியானதும், இரண்டு பந்தயங்கள் மீதமிருக்க, ஃபெராரியை விட்டுப் போய்விட்டார். இதை யாரும் உருகிப் பேசிக் கேட்டதில்லை. ரான் ஹோவர்ட் 2013இல் எடுத்த ‘ரஷ்’ படமும் 1976இன் கதையைத்தான் சொன்னது. படத்துக்கு அது சரி. வீரரின் மதிப்பீடும் படத்துக்குக் கதை பண்ணுவதுபோல ஆகிவிட்டது என்பதுதான் நம் புகார்.

அப்படிப் பண்ணிய கதை எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார். 1996இல் விரைப்புற்று, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டது. 1999இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார், 2005 வரை ஏழு முறை. அந்த முதல் ஆண்டிலேயே அவருடைய மாதிரியில் கார்ட்டிகோஸ்டீராய்டின் சுவடு தெரிந்தது. இருக்கைப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று ஒரு மருந்துச் சீட்டு வந்தது. முன்தேதி போட்டது என்று பின்னால் அணியில் வேலை செய்தவரே சாட்சி சொன்னார். ஆனால் அன்று அது செல்லுபடியாயிற்று. சாவின் வாசல்வரை போய் வந்தவன் தன் உடம்பில் மறுபடி விஷம் ஏற்றிக்கொள்வானா என்ற கேள்விக்கு முன்னால் சந்தேகப்பட்டவர்கள் மனிதாபிமானம் இல்லாதவர்கள் ஆனார்கள். தொடர்ந்து கேள்வி கேட்ட டேவிட் வால்ஷின் ‘சண்டே டைம்ஸ்’ மீது வழக்குப் போட்டுச் சமரசப் பணமும் வாங்கினார். 2012இல் ஏழு பட்டங்களும் பறிபோயின, 2013இல் அவரே ஒப்புக்கொண்டார். ஊக்கமருந்து எடுத்தவர்கள் அந்தக் காலத்து சைக்கிள் பந்தயத்தில் நிறையப் பேர். மீண்டு வந்த கதையை இவ்வளவு உறுதியான கவசமாக அணிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதை நெய்து கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு.

மோனிகா செலஸ் விஷயத்தில் இந்தக் கதை வேறொரு அநியாயத்தைச் செய்கிறது. 19 வயதுக்குள் எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க்கில் ஆட்டத்தின் இடைவேளையில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். ஸ்டெஃபி கிராஃப் மறுபடி முதலிடத்துக்கு வர வேண்டும் என்பது அவன் ஆசை, ஆசை நிறைவேறியது. அவன் சிறைத்தண்டனை அனுபவிக்கவில்லை. செலஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடவில்லை. திரும்பி வந்து 1996இல் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றார். ஒன்பதாவது, கடைசியும் அதுவே. இதை ‘வெற்றிகரமான மீள்வருகை’ என்று எழுதும்போது களவு போனது எழுத்துக்குள் புதைந்துவிடுகிறது. பறித்ததைத் திருப்பித் தர முடியாத டென்னிஸ் உலகம் பாராட்டுப் பத்திரம் வாசித்துக் கணக்கை முடித்துக்கொண்டது.

ரத்தம் வழியாத மீள்வருகைகளை நாம் மீள்வருகையாகவே பார்ப்பதில்லை. 2013 நவம்பரில் விஸ்வநாதன் ஆனந்த் சொந்த ஊரான சென்னையில், ஓர் ஆட்டம்கூட வெல்லாமல், கார்ல்சனிடம் உலகச் செஸ் பட்டத்தை இழந்தார். நான்கே மாதத்தில் ரஷ்யாவின் காந்தி-மன்சீஸ்கில் 14 சுற்றுத் தகுதிப்போட்டி. மூன்று வெற்றி, பதினொரு டிரா, தோல்வியே இல்லை. இரண்டாம் இடத்தில் வந்தவரைவிட ஒரு முழுப் புள்ளி அதிகம். பதினொரு டிராவை வைத்துக்கொண்டு யார் கதை சொல்வது?

லௌடாவின் இரண்டாவது வருகையும் இந்த வகைதான். 1979இல் மான்ட்ரியலில் பயிற்சி ஓட்டத்தின் நடுவே, போதும் என்று இறங்கிப் போனவர், விமான நிறுவனம் நடத்தினார். 1982இல் மெக்லாரனுக்கு ஓட்ட வந்து மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984இல் அவருக்கு 35 வயது, அணியில் உடன் ஓட்டியவர் அலன் பிரோஸ்ட். தகுதிச் சுற்றில் பிரோஸ்ட்டின் வேகம் தனக்கு இனி வராது என்பது லௌடாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. 1975இல் ஒன்பது முறை போல் பொசிஷனில், அதாவது வரிசையின் முதல் இடத்தில், நின்று புறப்பட்டவருக்கு 1984இல் ஒருமுறைகூட அது கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள்தான், நடுவில் நிரப்பவும் கூடாது. ஒற்றைச் சுற்று வேகத்தை பிரோஸ்ட்டுக்கே விட்டுவிட்டு, காரை முழுப் பந்தயத்துக்காகத் தயார்செய்வதில் அவர் கவனம் போனது. எஸ்டோரிலில் கடைசிப் பந்தயத்தில் 11ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு, முன்னே ஓடிய மேன்சலின் பிரேக் கைவிட்டபோது இரண்டாம் இடத்துக்கு வந்தார். பிரோஸ்ட்டுக்கு ஏழு வெற்றி, லௌடாவுக்கு ஐந்து. கணக்கு 72க்கு 71.5, பட்டம் லௌடாவுக்கு. அந்த அரை, மழையால் பாதியில் நிறுத்திப் பாதிப் புள்ளி கொடுத்த மொனாக்கோ பந்தயத்தின் மிச்சம்.

மொன்சாவைவிட இதற்கு நாங்கள் அதிகம் மதிப்புத் தருகிறோம். 1975இன் லௌடாவுக்குத் தெரியாத ஒரு வித்தையை 1984இன் லௌடா கற்றிருந்தார். உடம்பு கொடுக்காததை வேறு வழியில் எடுத்தார். எழுந்தாரா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எழுந்தவரிடம் புதிதாக என்ன இருந்தது என்று கேட்டால் மீள்வருகைகளில் பாதி உதிர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கருணை மதிப்பெண்ணே தேவைப்படாது.

தோற்ற பிரோஸ்ட்டையும் பார்த்துவிடுவோம். 1991 கடைசியில் ஃபெராரி அவரை வெளியே அனுப்பியது. 1992 முழுக்கப் பந்தயம் இல்லை. 1993இல் வில்லியம்ஸுக்கு வந்து, ஏழு பந்தயங்களை வென்று, நான்காவது பட்டத்தை எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றார். கார் நல்ல கார் என்பார்கள். நல்ல கார்தான், 1977இன் ஃபெராரியும் 1984இன் மெக்லாரனும்கூட நல்ல கார்களே. நான்கு பட்டமும் 51 வெற்றியும் உள்ள பிரோஸ்ட்டை, மூன்று பட்டமும் 25 வெற்றியும் உள்ள லௌடாவுக்குக் கீழே வைத்து அடுத்த முறை யாராவது பட்டியல் போட்டால், அதில் ஓட்டியதற்கு எவ்வளவு, தழும்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.